வெறுங்கையோடு இறங்க வேண்டும்

முதல் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முருகேஸ்வரி டீச்சரின் இரண்டு கைகளும் வெறுங்கையாக இருக்க வேண்டும். ஆறுமுகநேரியில் ஏறும்போதே தூக்குவாளி, குடை, செல்போன் எல்லாவற்றையும் தோள்பைக்குள் திணித்து விடுவாள். சவேரியார்துறையில் அவளுடைய கால் மணலில் படுவதற்குள் ஆளுக்கொரு பிள்ளையை நீட்டிக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, சேலையைப் பிடித்துக்கொண்டு நாலைந்து. கொடுத்த கையோடு அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறுவார்கள். அதுதான் கடைசி நிறுத்தம். டிரைவர் ஒரு டீ குடித்து முடிக்கும்வரைதான் பஸ் நிற்கும்.

ராத்திரி கடலுக்குப் போன வள்ளங்கள் விடியும்போது கரைக்கு வரும். கரையிலேயே ஏலம். ஏலம் எடுத்த மீனை வெயில் ஏறுவதற்குள் ஆறுமுகநேரிக்கோ குரும்பூருக்கோ கொண்டு போனால்தான் மீன் மீனாக இருக்கும். அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் அது கருவாட்டுக்குத்தான் ஆகும். ஆண்கள் வலையைத் தட்டி, பழுது பார்த்து, விழுந்த இடத்தில் தூங்குவார்கள். வீட்டுக் கதவைத் திறந்தால் மணல். மணலுக்கு அப்பால் கடல். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது நடக்கிற தூரம்.

பால்வாடியைத் திறக்க வேண்டிய நேரம் அதற்கு ரொம்பப் பிந்தித்தான். முருகேஸ்வரி வேலைக்குச் சேர்ந்த அன்று நேரத்தோடு போய்விடுவோமே என்று முதல் பஸ்ஸில் வந்தாள். இறங்கியதும் முன்பின் தெரியாத ஒருத்தி, "பால்வாடி டீச்சர்தான?" என்று கேட்டாள். ஆமாம் என்பதற்குள் ஒரு கைக்குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பெயரைக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் மூன்று பேர் நின்றார்கள். அதற்குப் பிறகு பிந்தி வருகிற பஸ் முருகேஸ்வரிக்கு இல்லாமல் போயிற்று. ஏழு வருஷம் ஆகிறது.

அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினாள். தோள்பையில் வழக்கத்துக்கு மாறாக ஒரு காகிதம் இருந்தது. மாறுதல் உத்தரவு. ஆறுமுகநேரியில், அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மையம். அடுத்த திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். அவள் கேட்டு வாங்கியதுதான். இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

"ஏளா, தண்ணி வடியுது, தண்ணி வடியுது! பின்னால தள்ளிப் போங்க" என்று கண்டக்டர் பொன்னுதுரை கத்தினார். "இது பஸ்ஸா, மீன் ஐஸ் வண்டியா?"

"நேத்து எங்கிட்ட சாளை வாங்கிட்டுப் போகயில ஒமக்கு நாறலயோ அண்ணாச்சி?" என்றாள் ஆக்னஸ். "வாங்கயில மணக்கும், ஏத்தயில நாறும். நல்ல மூக்கு!"

பெண்கள் சிரித்தார்கள். ஆக்னஸ் தன் மகன் ஜாய்சனின் மணிக்கட்டைக் கொண்டுவந்து டீச்சரின் உள்ளங்கைக்குள் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். மற்றப் பிள்ளைகளைச் சும்மா விடலாம். ஜாய்சனை விட முடியாது. காலில் சக்கரம் கட்டிய பயல். விட்டால் நேரே அலையைப் பார்த்து ஓடுவான்.

"இன்னிக்கு இவனுக்கு மூக்கு ஒழுகுது டீச்சர். குளிப்பாட்டாதிய."

"சரி."

"மொகம் ஏன் ஒரு மாதிரியா இருக்கு? ஒங்க வீட்டு அண்ணாச்சிக்கு இடுப்பு வலி கூடிட்டோ?"

"அப்படியேதான் இருக்கு. நீ ஏறு, பஸ் எடுக்கான்."

சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

பால்வாடிக்கு ஓடு போட்ட ஒற்றை அறை. கடல் பக்கத்து மூலையில் ஓடு சரிந்து, போன மழையில் சத்துமாவு மூட்டை நனைந்தது. ஓடு மாற்றக் கேட்டு எழுதிப்போட்டு, மறுபடி எழுதிப்போட்டு, கடைசியில் வலை மூடுகிற தார்ப்பாயை ஊர்க்காரர்களே கொண்டுவந்து கட்டினார்கள். சமையல் ஆயா ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. முருகேஸ்வரியே தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பாள், அடுப்பை மூட்டுவாள், முட்டை உரிப்பாள், பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது கதவைப் பூட்டினால் உள்ளே பிள்ளைகள் அலறும். பூட்டாவிட்டால் ஜாய்சன் கரையில் நிற்பான். அதனால் அவனையும் கூட்டிக்கொண்டு, ஒரு கையில் குடம், ஒரு கையில் அவன் என்று போய் வருவாள். பதினெட்டுப் பிள்ளைகளும் சாப்பிட்டுத் தூங்கிய பிறகுதான் அவள் தூக்குவாளியைத் திறப்பாள். சோற்றில் மணல் நறநறவென்று கடிபடும். இங்கே அது புதிதில்லை.

அன்று எடை போடுகிற நாள். தாய்மார் மீன் விற்றுத் திரும்பிய பிறகு, மதியத்துக்கு மேல்தான் அது நடக்கும். உத்திரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தொட்டிலில் பிள்ளையை உட்கார வைப்பாள். தராசைக் கண்டால் இந்த ஊர்ப் பெண்களுக்கு வாய் சும்மா இருக்காது.

"பன்னண்டு! பன்னண்டரை! கேளுங்கம்மா, கேளுங்க" என்று ஆக்னஸ் ஏலம் கூவினாள். தொட்டிலில் ஜாய்சன் காலை உதைத்துக்கொண்டிருந்தான். "பாறை மீன் குட்டி கணக்கா துள்ளுதான் பாருங்க. ஐஸ் படாத சரக்கு!"

"தலைதான் கனம். மத்ததெல்லாம் முள்ளு" என்றாள் ரீனா. "பத்துக்குத் தாரியா?"

"பத்துக்கு ஒன் மாப்பிள்ளையத் தூக்கிப் போடு, எடுக்கேன்."

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். பெயர் ஜாஸ்லின், தூத்துக்குடியில் கல்லூரியில் படிக்கிறாள் என்றாள். ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய் பால்வாடி டீச்சர்களைப் பார்க்கிறாளாம். வெயிலில் நடந்து வந்து முகம் சிவந்து போயிருந்தது. முருகேஸ்வரி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

செல்போனைப் பார்த்து ஜாஸ்லின் வாசித்தாள். "கிராமப்புற மையத்தில் தொடர்ந்து பணியாற்ற நீங்கள் விரும்புவதற்குக் காரணம் என்ன? ஒண்ணு, சேவை மனப்பான்மை. ரெண்டு, குழந்தைகள் மேல உள்ள அன்பு. மூணு, அமைதியான சூழல். நாலு, மக்கள் தரும் மரியாதை. இதுல எதுன்னு சொன்னா டிக் பண்ணிக்குவேன் அக்கா."

ரீனா குறுக்கே விழுந்தாள். "அமைதியா? ஒரு நா ஜாய்சன வச்சுப் பாத்துட்டுச் சொல்லு தாயி."

"டீச்சர் எங்கள விட்டுப் போவ மாட்டாவ. அதுக்கு என்னத்துக்குக் காரணம்? அதையும் சேத்து எழுதிக்கோ" என்றாள் ஆக்னஸ்.

முருகேஸ்வரி தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொறவு சொல்லுதேம்மா. ஒன் நம்பரக் குடுத்துட்டுப் போ" என்றாள்.

வீட்டில் அவள் புருஷன் செந்தூர்வேல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். உப்பு லாரி டிரைவர். மூன்று மாதத்துக்கு முன் லோடு ஏற்றும்போது மூட்டை அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, நடையைத்தான் மறுபடி பழக வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி. வாசல்வரை ஆட்டோ வரும். கட்டிலிலிருந்து ஆட்டோவுக்குப் போக ஒரு தோள் வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் அந்தத் தோள் இல்லை. இந்த வாரமும் இரண்டு முறை போகவில்லை.

"சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல."

"எப்பந்தான் சொல்லப் போற? திங்கக்கெழமை அங்கன சேரணும்லா?"

"சொன்னா என்ன ஆவும்னு தெரியும்லா ஒங்களுக்கு? நான் போனா அங்கன ஆள் கிடையாது. பக்கத்து ஊர் ஞானதீபம் டீச்சருக்குக் கூடுதல் பொறுப்பாம். செவ்வாயும் வெள்ளியும் வந்து தொறப்பாவளாம். மத்த நாளு பூட்டு."

"அதுக்கு நீ என்ன செய்வ? ஆள் போட வேண்டியது கவர்மெண்டு. நீயா கவர்மெண்டு?"

"நான் இல்லதான்."

"பொறவு என்னளா? ஊரான் புள்ளைக்கு மூக்குத் தொடைக்க முதல் பஸ்ஸுல ஓடுத. நான் மூத்திரம் பேய எந்திரிக்க செவரப் பிடிச்சிட்டுக் கெடக்கேன்."

அவன் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. கோபம் வந்தது. அவன்மேல் கோபப்பட இடமில்லை. பிள்ளைகள்மேல் கோபப்பட முடியாது. யார்மேல் என்று தெரியாமல் அந்தக் கோபம் அடுப்படிப் பாத்திரங்களில் போய் விழுந்தது.

"மெல்ல வை. அது என்ன பாவம் செஞ்சுது?" என்றான் செந்தூர்வேல்.

வெள்ளிக்கிழமை அவள் வட்டார அலுவலகத்துக்கு வந்து, மையத்தின் சாவியை ஒப்படைத்து விடுவிப்பு வாங்க வேண்டும் என்று போன் வந்தது. வியாழன் காலை பஸ் நிறுத்தத்தில் எல்லோரையும் நிறுத்திச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அதற்கு முன்பே ஞானதீபம் டீச்சர் சவேரியார்துறைக்குப் போன் போட்டு, "உங்க டீச்சர மாத்திட்டாங்க. இனி வாரத்துல ரெண்டு நாள் நாந்தான் வருவேன்" என்று ஊர்க் கமிட்டித் தலைவர் பர்னபாஸிடம் சொல்லிவிட்டாள்.

வியாழன் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது யாரும் பிள்ளையை நீட்டவில்லை. அன்று ஏலத்துக்கே போகாததால் அன்னக்கூடைகள் காலியாக இருந்தன. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாருகிட்டக் கேட்டுட்டு மாத்துனானுவ?" ஆக்னஸின் குரல் கடல் சத்தத்தை மீறியது. "நாதி இல்லாத ஊருன்னு நெனச்சிட்டானுவளா?"

"ஆக்னஸு, நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் டீச்சர். நீங்க கவர்மெண்டு ஆளு, வாயத் தொறந்தா ஒங்களுக்குத்தான் மெமோ. நாங்க பாத்துக்கிடுதோம்."

அப்போதே கோவில் மைக்கில் பர்னபாஸின் குரல் கேட்டது. "ஊர் மக்கள் கவனத்துக்கு. நாளை தொழில் கெடையாது. இன்னிக்கி ராத்திரி ஒரு வள்ளமும் எறங்கக் கூடாது. நம்ம பால்வாடி டீச்சர் விஷயமா எல்லாரும் ஆபீசுக்குப் போறோம்."

தொழில் நிறுத்துவது இந்த ஊரில் சின்ன விஷயமில்லை. கடலுக்கு ஆளைப் பறிகொடுத்தால் நிறுத்துவார்கள். ஊருக்குப் பெரிய அநியாயம் நடந்தால் நிறுத்துவார்கள். சாளை பிடிபடுகிற காலத்தில் ஒரு ராத்திரியை முருகேஸ்வரிக்காக விட்டுவிட்டார்கள். நான் கேட்டு வாங்கிய மாறுதல் என்று இனி எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலம் சொல்லாமலே பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை வட்டார அலுவலகத்தின் வராந்தா கொள்ளவில்லை. பெண்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆபீசர் அம்மா வெளியே வந்தார். நல்ல பருத்திச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. கத்தவில்லை, பொறுமையாகத்தான் பேசினார்.

"எதுக்கும்மா இவ்வளவு கூட்டம்? உங்க டீச்சரை நாங்க ஒண்ணும் மாத்தலையே. அவங்களேதான் கேட்டாங்க. சொந்த ஊருக்கு வேணும்னு ரிக்வெஸ்ட் குடுத்தாங்க. கேளுங்க, பக்கத்துலதானே நிக்கிறாங்க."

பர்னபாஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஆக்னஸ் திரும்பி முருகேஸ்வரியைப் பார்த்தாள்.

"நெசமா டீச்சர்?"

"நெசந்தான்."

"நேத்து சொல்லியிருக்கலாம்லா."

"சொல்ல வந்தேன் ஆக்னஸு. வாய் வரல. அவிய எந்திரிக்க முடியாமக் கெடக்காவ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ வீட்ல ஆள் கெடையாது."

ஆக்னஸ் அவளையே பார்த்தாள். கடலுக்குப் போகாத ஒரு ராத்திரி அந்தப் பார்வையில் இருந்தது. முருகேஸ்வரி தரையைப் பார்த்தாள். பிறகு ஆக்னஸ் ஜாய்சனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஆபீசர் அம்மா பக்கம் திரும்பினாள்.

"சரி. மாப்பிள்ள விழுந்து கெடந்தா எந்தப் பொம்பளையும் கேக்கத்தான் செய்வா. நாங்கன்னாலும் கேப்போம். அவிய போவட்டும். எங்களுக்கு வேற டீச்சரப் போடுங்க."

"கூடுதல் பொறுப்பு போட்டாச்சும்மா. வாரத்துல ரெண்டு நாள்..."

"செவ்வாயும் வெள்ளியும்! கேட்டேன். எம்புள்ள செவ்வாயும் வெள்ளியும் மட்டுந்தான் கடலப் பாத்து ஓடுவானா? மத்த நாளு கடலு லீவா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆபீசர் அம்மாவின் முகம் இறுகியது.

"புரிஞ்சுக்கோங்க. ஆளே இல்ல. எல்லா ஊர்லயும் வேகன்சி. உங்க ஊருக்கு வர யாரும் விரும்ப மாட்டேங்கிறாங்க. முருகேஸ்வரி மாதிரி சேவை மனப்பான்மை உள்ளவங்க எத்தனை பேர் இருக்காங்க? அடுத்த வருஷம் சிறந்த பணியாளர் விருதுக்கு இவங்க பேரைத்தான் அனுப்பணும்னு வச்சிருந்தேன்."

முருகேஸ்வரி அந்த அலுவலகத்தில் எப்போதும் இரண்டு சொல்தான் பேசுவாள். சரிங்க மேடம். அது அன்றைக்கு வாயில் வரவில்லை.

"மேடம், அதச் சேவைன்னு சொல்லாதிய." என்றாள். "ஆயா இல்லாம ரெண்டு வருஷமா நானே பொங்குதேன். அது சேவை இல்ல. நீங்க போடாத ஆளோட வேல. ஓடு மாத்தலன்னு தார்ப்பாய் கட்டுனோம். அதுவும் சேவை இல்ல. எங்களுக்குச் சேவைன்னு பேரு வச்சிட்டா ஒங்களுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்லா. ஒரு ஆளப் போடுங்க. போட்ட அன்னிக்கே சாவியத் தாரேன்."

"இப்போ குடுக்க மாட்டீங்களா?"

சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. ஜாய்சனின் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்திருந்தாள்.

"பூட்டு போடுதுக்கு நான் சாவி தர மாட்டேன்."

"அப்போ உங்க ட்ரான்ஸ்பர் கேன்சல் ஆயிடும். அந்த இடத்துக்குப் பத்து பேர் காத்திருக்காங்க. திரும்பக் கேட்டா கிடைக்காது. யோசிச்சுக்கோங்க. உங்க விருப்பம்."

உள்ளே கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். 'மாற்றுப் பணியாளர் நியமிக்கப்படாததால்' என்று தொடங்கினாள். கிளார்க் எட்டிப் பார்த்து, "அப்படி எழுதக் கூடாதும்மா. நிர்வாகத்தைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும். 'சொந்த விருப்பத்தின் பேரில்'னு போடுங்க. அதுதான் ஃபார்மட்" என்றார். வேறு தாள் கொடுத்தார்.

சொந்த விருப்பத்தின் பேரில் சவேரியார்துறை மையத்திலேயே பணியைத் தொடர்கிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, இருக்கட்டும்" என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்தபோது செந்தூர்வேல், "அப்போ அங்கனயே இருக்கேன்னு முடிவு பண்ணிட்ட" என்றான்.

"நான் எங்க இருக்கேன்? நிறுத்தி வச்சிருக்காவ" என்றாள்.

அவன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை அவள் முதல் பஸ்ஸுக்குப் போனாள். அவள் இறங்கினாள், பெண்கள் ஏறினார்கள். பஸ் ஆறுமுகநேரிக்குத் திரும்பியது. பாதி வெயில் ஏறிய நேரத்தில் செந்தூர்வேலிடமிருந்து போன்.

"ஏளா, இங்கன ஒரு பொம்பள மீன் கூடையோட வந்து நிக்கி. எந்திரிங்க அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சிங்கா. யாரு இவ?"

"ஆக்னஸு."

"தெனமும் இந்தத் தெருவுலதான் மீன் விக்காளாம். ஒருநா விட்டு ஒருநா வாரேங்கா. ஆட்டோக்காரனயும் அவளே கூட்டிட்டு வந்துட்டா. எம்மேல மீன் நாத்தம் அடிக்கப் போவுது."

பின்னணியில் ஆக்னஸின் குரல் கேட்டது. "மூணு மாசமா படுத்த நாத்தத்துக்கு இது தேவல. கையத் தோள்ல போடும் அண்ணாச்சி. வெக்கப்படாதியும், ஒம்மள விடக் கனமான சுறாவத் தூக்கியிருக்கேன்."

முருகேஸ்வரி சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண் நிறைந்தது. உடனே மறுபடி கோபம்தான் வந்தது. மீன் விற்கப் போகிறவள் மீனை வாசலில் வைத்துவிட்டு முருகேஸ்வரியின் புருஷனைத் தூக்குகிறாள். முருகேஸ்வரி ஆயா இல்லாமல் பொங்கிக்கொண்டு ஆக்னஸ் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஆளில்லாத இடத்தை மாறி மாறித் தாங்குகிறார்கள். இதையும் எவராவது பார்த்தால் என்ன ஒற்றுமை, என்ன மனசு என்று எழுதிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது ஜாஸ்லின் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஆபீஸ்ல உங்க நம்பரைக் குடுத்து உங்களைப் பத்திச் சொன்னாங்க. சொந்த ஊருக்குக் கிடைச்ச ட்ரான்ஸ்பரையே வேண்டாம்னு எழுதிக் குடுத்திட்டீங்களாமே. கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. சேவை மனப்பான்மைன்னு டிக் பண்ணிக்கவா?"

"பண்ணாத."

"அப்போ குழந்தைகள் மேல அன்பு?"

"அன்பு இருக்கு. அதக் காரணம்னு போடாத. அன்பு உள்ளவள எங்கன வேணும்னாலும் கட்டிப் போடலாம்னு ஆயிரும்." முட்டையைக் கீழே வைத்தாள். "மொதல்ல ஒன் கேள்வியில 'விரும்புவதற்கு'ன்னு இருக்கு பாரு. அத அடி."

"கேள்வியை மாத்த முடியாதுக்கா. பதில் மட்டுந்தான்."

"அப்போ பதிலக் காலியா விடு. எங்கன பாத்தாலும் ஆளில்லாமக் காலியாத்தான கெடக்கு, அதுவும் கெடக்கட்டும். ஏன் காலின்னு எவராவது கேப்பாவ. கேட்டா நேர இங்கன வரச் சொல்லு. முதல் பஸ்ஸுல வரச் சொல்லு."

ஜாய்சன் வாசல்படியைத் தாண்டிக்கொண்டிருந்தான். அவள் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பை, குடையெல்லாம் கையில தூக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லு" என்றாள். "எறங்கயில ரெண்டு கையும் வெறுங்கையா இருக்கணும்."